பழுதான பிரதிகள்: மலையகப் படப்பிடிப்பாளர்களிடையே விமர்சனம்

புகைப்பட விமர்சனம் என்று பொதுவில் சொல்லப்படுவதில் தன்மையால் வேறான இரு காரியங்கள் கலந்து கிடக்கின்றன. போட்டிக்கு வந்த படத்துக்குப் புள்ளியிட்டு, தேறியது, தேறாதது என்று பிரித்து வைப்பது ஒன்று. இதைத் தீர்ப்பு எனலாம். எடுத்தவர் அடுத்த தடவை கமராவைத் தூக்கும்போது கைகொடுக்கக்கூடிய ஏதேனும் ஒன்றை, அவர் எடுத்து வந்த படத்திலிருந்தே சுட்டிக்காட்டுவது மற்றொன்று, இது திருத்தம். தீர்ப்புச் சொல்வதற்கு முடிந்த படம் ஒன்று போதும். திருத்தத்துக்கோ பழுதுகள் வெளியே தெரிகிற, இன்னும் முடியாத படங்கள் பல வேண்டும். பிழைப்புக்காக அல்லாமல் விருப்பத்துக்காகப் படமெடுப்பவர்கள், அதாவது அமெச்சூர் படப்பிடிப்பாளர்கள், கூடும் இடங்களில் முதலாவது காரியம் இரண்டாவதை விழுங்கிவிடுவது வழமை. இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா வட்டாரங்களில் ஸ்டூடியோத் தொழிலில் நெடுங்காலம் இருந்து, போயா விடுமுறை நாட்களில் பாடசாலை வகுப்பறையொன்றைக் கேட்டுப் பெற்று ஆசிரியர்கள், தோட்ட உத்தியோகத்தர்கள், உயர்தர மாணவர்கள் என்று பலதரப்பட்டவர்களுடன் சேர்ந்து படம் பார்த்துப் பழகிய ஒருவரின் அவதானங்களே இக்கட்டுரைக்கு அடிப்படை.

இவ்விரு காரியங்களுக்குமிடையிலான வேறுபாட்டை விளக்குவதற்கு மலையகத்துக்கு வெளியே ஆள் தேட வேண்டியதில்லை. பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலய வளவில் ஜூலியா மார்கரெட் கேமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவருக்கு அடுத்த ஆண்டில் இறந்த கணவரும் அங்கேதான் இருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த முகப்படக் கலைஞர்களில் ஒருவராக உலகம் கொண்டாடும் இப்பெண்மணி 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசம்பரில், 48ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவோடுதான் படமெடுக்கத் தொடங்கினார். இங்கிலாந்தின் வைட் தீவிலிருந்த தம் வீட்டில் கரி போட்டுவைக்கும் அறையை இருட்டறையாகவும், கண்ணாடி வேய்ந்த கோழிக்கூட்டை ஸ்டூடியோவாகவும் மாற்றிக்கொண்டார். அக்காலத்தில் வழங்கியது ஈரக் கொலோடியன் முறை: கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் கமராவில் செருகி ஒளி படச் செய்து, உடனடியாக உருவேற்றிக் கழுவ வேண்டும். தூசு, விரல் ரேகை, கரைசல் வழிந்த கோடு என்று பழுது நேர்வதற்கு ஒவ்வொரு படியிலும் வாய்ப்பிருந்த முறை அது. கேமரனின் படங்களிலோ இப்பழுதுகள் ஏராளமாக இருந்தன. அதற்கு மேல், முகத்தைக் கூர்மையாகக் குவிக்காமல் சற்றே மென்மையாக விட்டுவிடும் அவருடைய பாணியும் சேர்ந்துகொண்டது.

1864இல் அவர் லண்டன் புகைப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். சங்கத்தின் சஞ்சிகை அவருடைய படங்களைக் கடுமையாகச் சாடியது. குவியம் தவறியது, கைத்திறன் போதாது என்பவையே சாட்டின் சாரம். 1874இல் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட தன்வரலாற்றுக் குறிப்பில், அந்த விமர்சனம் வெளிப்படையாகவே நியாயமற்றதாக இருந்ததால் அதைப் பொருட்படுத்தவில்லை என்ற கருத்தில் அவர் எழுதியிருக்கிறார். இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு, உண்மையான கலைஞர் எவர் சொல்லையும் கேட்கத் தேவையில்லை என்று முடிவுகட்டுவோர் உண்டு. மலையக வட்டங்களிலும் அப்படிப் பேசுகிறவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. தம் கண்ணாடித் தகடுகளில் படலம் தேன்கூடு போல வெடித்து உரியத் தொடங்கியபோது, 1869இல், அதே சங்கத்தின் உறுப்பினர்களிடம்தான் அவர் காரணம் கேட்டார். படம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னதை ஏற்காதவர், படலம் ஏன் வெடிக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கக்கூடும் என்பதை ஏற்றார். யாரிடம் எதைக் கேட்பது என்று பிரித்தறிகிற இந்தத் தெளிவு, விமர்சனம் பெறுகிறவருக்கு வேண்டிய முதல் தகுதி. புகைப்படத் தொழிலில் புதிதாக இறங்குகிறவர்களிடம் இதைவிட அரிதாகக் காணப்படும் தகுதி வேறில்லை.

இன்னும் முக்கியமானது ஓவியர் ஜோர்ஜ் ஃபிரெடரிக் வொட்ஸுடன் அவருக்கிருந்த தொடர்பு. கேமரன் தம் படங்களை வொட்ஸுக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்பார். அட்டையில் ஒட்டி அழகுபடுத்திய, விற்றால் பணம் பெறக்கூடிய நல்ல பிரதிகளைத் தமக்கு அனுப்ப வேண்டாமென்றும், ஒட்டப்படாத பழுதான பிரதிகளையே அனுப்பும்படியும், அவற்றைக் கொண்டே தம்மால் அதே அளவு மதிப்பிட முடியுமென்றும் வொட்ஸ் அவருக்கு எழுதினார். பணத்தை மிச்சப்படுத்தும் நல்லெண்ணத்தில் சொன்னதாகவே இது தோன்றும். எனினும் விமர்சனத்தின் உள்ளியல்பைத் தொட்ட வேண்டுகோள் இது. அட்டையில் ஒட்டிய படம் பாராட்டுக்காக வருவது. அதைப் பற்றி எதைச் சொன்னாலும் எடுத்தவர் காதில் அது தீர்ப்பாகவே விழும். பழுதான பிரதியை நீட்டுகிறவரோ குறையை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு வருகிறார். ஆகவே பேச்சு குறையைக் கண்டுபிடிப்பதில் செலவாகாமல், அந்தக் குறையையும் மீறி அதில் எது நிற்கிறது என்ற கேள்விக்கு நேரே போய்விடுகிறது. வொட்ஸிடம் இருந்தனவாகக் கருதப்படும் அத்தகைய பிரதிகள் இன்று லண்டன் விக்டோரியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றின் வெடிப்பும் கறையும் மறைக்கப்படாமலே காட்சிக்கு வைக்கப்பட்டதுண்டு.

1875இல் கேமரன் தம்பதியர் இலங்கைக்குக் குடிவந்தார்கள். கணவர் சார்ள்ஸ் ஹே கேமரன், கோல்புறூக்குடன் இணைந்து இலங்கையின் நிர்வாக, நீதித்துறைச் சீர்திருத்தங்களை வகுத்தவர். நெடுங்காலமாக இங்கே கோப்பித் தோட்டங்களை வைத்திருந்தவர். பயணத்தின்போது, வந்த இடத்தில் கிடைக்குமோ கிடைக்காதோ என்று பீங்கானும் கண்ணாடிப் பொருளும் நிரப்பிய இரண்டு சவப்பெட்டிகளையும் அவர்கள் கூடவே கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது. 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளன்கெய்ர்ன் தோட்டத்தில் இறக்கும்வரை இந்நாட்டில் ஜூலியா எடுத்து எஞ்சியிருப்பவை மிகச் சில படங்களே. களுத்துறையில் அவர் வீட்டில் தங்கிய தாவர ஓவியர் மரியான் நோர்த்தை எடுத்தவையும், சுற்றுவட்டாரத்து மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் எடுத்தவையும் அவற்றுள் அடங்கும். படங்கள் குறைந்ததற்கு வெப்பம், நல்ல தண்ணீர்த் தட்டுப்பாடு, இரசாயனங்கள் கிடைப்பதிலிருந்த சிரமம் ஆகியன காரணங்களாகக் கூறப்படுகின்றன, அவை மெய்யே. பழுதான பிரதியை அனுப்பி அபிப்பிராயம் கேட்க வொட்ஸ் போன்ற ஒருவர் அருகில் இல்லாமற்போனதையும் அவற்றோடு சேர்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வைட் தீவில் அவருக்காக அமர்ந்த வேலைக்காரப் பெண்கள் மேரி ஹிலியர், மேரி றையன் என்று பெயரோடு வரலாற்றில் இடம்பெற்றார்கள். களுத்துறைக் குடியானவர் குழு என்று தலைப்பிடப்பட்ட 1878ஆம் ஆண்டுப் படத்திலோ சிறுமியின் வயதும் முதியவர் தமக்குச் சொல்லிக்கொண்ட வயதும் எழுதப்பட்டிருக்கின்றன, பெயர்கள் இல்லை.

இலங்கையில் அமெச்சூர்கள் கூடி ஒருவர் படத்தை மற்றவர் பார்த்துப் பேசும் வழக்கத்துக்கு இருபதாம் நூற்றாண்டில் வலுவான அமைப்பு வடிவம் கொடுத்தவர்களில் லயனல் வென்ட் (1900–1944) முதன்மையானவர். லண்டனில் சட்டமும் பியானோவும் பயின்று திரும்பிய அவர், 1934இல் நண்பர்களுடன் சேர்ந்து இலங்கைப் புகைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். தேயிலைப் பிரசார சபையின் ஆதரவில் பசில் ரைட் இயக்கி அதே ஆண்டில் வெளிவந்த ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படத்தில் வர்ணனைக் குரல் அவருடையது. ஓவியர்கள் ஒன்றுகூடிய ‘43 குழு’ உருவானதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. கொழும்பில் நடந்த இவை மலைநாட்டு லயங்களை அக்காலத்தில் எட்டியிருக்க வாய்ப்பில்லை. பின்னாளில் எட்டியது சலோன் முறை. சலோன் என்பது உலகெங்குமிருந்து படங்களைப் பெற்று, நடுவர் குழுவொன்று புள்ளியிட்டு, குறித்த அளவைத் தாண்டியவற்றை ‘ஏற்கப்பட்டவை’ என்று அறிவிக்கும் கண்காட்சி. 1950இல் நிறுவப்பட்ட சர்வதேச புகைப்படக் கலைச் சம்மேளனம் போன்ற அமைப்புகள் அவ்வேற்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு பட்டங்கள் வழங்குகின்றன. நடுவர் ஒரு படத்தைப் பார்க்கும் நேரம் சில விநாடிகளே. அந்தச் சில விநாடிகளில் கண்ணைப் பிடித்து நிறுத்தக்கூடிய படத்தை எடுக்கக் கற்றுக்கொள்வது ஒரு திறமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அத்திறமையே விமர்சனத்தின் ஒரே அளவுகோலாகிவிடும்போது, டிக்கோயாவிலும் லிந்துலையிலும் எடுக்கப்படும் படங்களெல்லாம் பனிமூட்டம், மரங்களினூடே இறங்கும் ஒளிக்கதிர், சிவப்புச் சேலையில் ஒரு கொழுந்துக்காரி என்ற மூன்று சாமான்களின் வரிசை மாற்றங்களாகச் சுருங்கிவிடுகின்றன.

அச்சுருக்கத்துக்குச் சலோனை மட்டும் குற்றஞ்சொல்வது முறையாகாது, ஏனெனில் மலையகத்தைப் பற்றிய படம் மலையக மக்கள் கையில் கமரா வருவதற்கு நெடுங்காலம் முன்னரே எடுத்து முடிக்கப்பட்டுவிட்டது. ஸ்கீன், ஸ்கோவன் ஆகிய ஸ்டூடியோக்களும், 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனமும் தோட்டக் காட்சிகளையும் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களையும் படமெடுத்து விற்றன. தபாலட்டைகளாகவும் நினைவுப் படங்களாகவும் அவை கடல் கடந்தன. கூடையும் புன்னகையும் பச்சைச் சரிவும் சேர்ந்த அந்த அச்சு, பின்னர் தேயிலைப் பெட்டிகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் ஏறி, இன்று தோட்டத்துப் பிள்ளையே தன் தாயைப் படமெடுக்கும்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. மறுபுறத்தில், லயத்து வீடுகளின் சுவரில் தொங்கியவை வேறு வகைப் படங்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமென்று பங்கிட்டதன் பின், கடவுச்சீட்டுக்கும் பிரஜாவுரிமை மனுவுக்கும் அடையாள அட்டைக்கும் ஸ்டூடியோவுக்குப் போய் நிமிர்ந்து உட்கார்ந்து எடுத்துக்கொண்டதே பல குடும்பங்களின் பழைய படம். அதில் நிழல் விழக்கூடாது, தலை சாயக்கூடாது, பார்வை நேரே இருக்க வேண்டும். ஆகவே ஹட்டன் ஸ்டூடியோவொன்றில் வாடிக்கையாளர் ஒருவர், பக்கவாட்டு ஒளியில் பாதி முகம் இருளில் எடுத்த படத்தைத் தள்ளிவைத்து, முகம் முழுசாத் தெரியலையே என்று சொல்லும்போது, அது இரசனைக் குறைவு என்று எண்ணிவிடக்கூடாது. முகம் முழுதாகத் தெரிந்தால்தான் நாட்டில் இருக்க முடியும் என்றிருந்த ஒரு காலத்தின் அளவுகோல் அது. விமர்சனம் சொல்ல உட்காருகிறவர், முன்னாலிருப்பவர் எந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தன் படத்தை எடுத்தார் என்பதை முதலில் அறிய வேண்டும்.

அறிவதற்கான வழிமுறைகள் பிற கலைகளில் வகுக்கப்பட்டுள்ளன. அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் வகுத்த முறையில், பார்த்தவர்கள் முதலில் தமக்குப் பொருள்பட்டது எது என்று சொல்கிறார்கள். பின் ஆக்கியவர் தம் ஐயங்களைக் கேட்கிறார். அதன் பின் பார்த்தவர்கள் உள்நோக்கமற்ற கேள்விகளைக் கேட்கிறார்கள். கடைசியாகவே, அதுவும் ஆக்கியவரின் சம்மதத்தோடு, அபிப்பிராயம் வருகிறது. மலையகச் சூழலில் இம்முறையை அப்படியே கையாண்டால் மூன்றாவது படியில் முடங்கிவிடும். ஆசிரியர் ஒருவரிடம் அவருடைய மாணவன், அனைவர் முன்னிலையிலும், இந்தப் படத்தை ஏன் இவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தீர்கள் சேர் என்று கேட்பது கேள்வியாகக் கொள்ளப்படமாட்டாது. மேற்சொன்ன வகுப்பறை வட்டம் இதற்குக் கண்ட மாற்று எளியது: படங்கள் பெயரில்லாமல் மேசைமேல் பரப்பப்படும்; பேச்சு முடிந்த பின்னரே எடுத்தவர் இன்னாரென்று வெளிப்படுவார். சிறிய வட்டத்தில் யாருடையது என்று பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றாலும், தெரியாததுபோல் பேச அனைவரும் ஒப்புக்கொள்வது ஒரு மரியாதை. அந்த மரியாதைக்குள்ளேதான் இளையவர் வாய் திறக்கிறார்.

குறை சொல்வதற்குச் சொற்கள் போதாமை மற்றொரு தடை. நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் நல்லா வந்திருக்கலாம் என்ற இரு வாக்கியங்களோடு பேச்சு நின்றுவிடும் இடங்களில், தமிழிலேயே கைவசமிருக்கும் ஒரு பட்டியல் எதிர்பாராத அளவுக்குப் பயன்பட்டிருக்கிறது. நூலுக்கு ஆகாதவை என்று நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களைப் பாடசாலையில் மனனம் செய்தவர்கள் வட்டத்தில் எப்போதும் சிலர் இருப்பார்கள். பச்சையையும் சிவப்பையும் கணினியில் ஏற்றி ஏற்றித் தேயிலைச் செடி பிளாஸ்டிக் போலாகிவிட்ட படம் மிகைபடக் கூறல். காமன் கூத்தில் ரதியின் முகத்தை மட்டும் நெருங்கி எடுத்து, தப்பும் கூட்டமும் இரவும் இல்லாமல் செய்துவிட்ட படம் குன்றக் கூறல். கோயில் தேருக்குப் பின்னால் தொலைபேசிக் கம்பனியின் விளம்பரப் பலகை பெரிதாய் நிற்பது மற்றொன்று விரித்தல். கீழ்ப்பாதியில் அழுத்தமாகத் தொடங்கி மேல்பாதியில் வெறும் வெளுப்பாய்க் கரைந்துபோவது சென்று தேய்ந்து இறுதல். பத்தும் பொருந்துவதில்லை, பொருந்த வேண்டிய கட்டாயமும் இல்லை. இப்படியொரு பெயர் கிடைத்ததும், குற்றம் எடுத்தவரைவிட்டு நீங்கிப் படத்தின்மேல் போய் உட்கார்ந்துவிடுகிறது. இலக்கணம் படித்தவர் சிரிக்கிறார், எடுத்தவரும் சிரிக்கிறார், வேலை நடக்கிறது.

செய்நுட்பம் பற்றிய குறைகளில் மலையகத்துக்கே உரியதாக ஒன்று உண்டு. அதைச் சற்று விரித்துச் சொல்வது தகும். கமராவின் ஒளிமானி, தன் முன்னால் இருப்பது எதுவாயினும் அது சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறமானது என்று கருதிக்கொண்டே ஒளியளவைத் தீர்மானிக்கிறது. மஸ்கெலியாப் பக்கத்தில் தென்மேல் பருவக்காற்றுக் காலத்துக் காலை நேரத்தில் காட்சியின் பெரும்பகுதி வெண்பனி. கருவி அந்த வெண்மையைச் சாம்பலாக்கும் முயற்சியில் ஒளியைக் குறைக்கிறது. விளைவாக, முன்னால் நிற்கும் பெண்ணின் கருநிற முகம் கண்ணும் மூக்கும் தெரியாத நிழலாகிவிடுகிறது. ஒளியை இரட்டிப்பாக்குவதை ஒரு ஸ்டொப் கூட்டுதல் என்பார்கள். அத்தகைய காலைகளில் ஒரு ஸ்டொப், சில வேளை ஒன்றரை, கூட்டியே ஆக வேண்டும். கைத்தொலைபேசியில் என்றால் முகத்தின்மேல் விரலை அழுத்தி, தோன்றும் சூரியக் குறியை மேலே நகர்த்த வேண்டும். இதைச் செய்யாமல் எடுத்த படங்களுக்குக் கிடைக்கும் வழக்கமான அறிவுரை, முகத்தைக் கணினியில் வெளுப்பாக்கு என்பது. இவ்விரண்டும் ஒன்றல்ல. கொடக் நிறுவனம் வண்ண அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய ஷெர்லி அட்டை என்ற மாதிரிப் படத்தில் நெடுங்காலம் வெள்ளைத் தோலுடைய பெண்ணே இருந்தாள். மற்ற எல்லா நிறங்களும் அவளுக்குப் பொருந்தும்படி சரிசெய்யப்பட்ட வண்ணச் சமநிலையிலேயே அச்சாகின. இன்று தொலைபேசியின் அழகூட்டும் வசதி அதே வேலையைக் கேட்காமலே செய்கிறது. முகத்துக்கு ஒளி போதவில்லை என்று சொல்வது திருத்தம்; முகம் கறுப்பாக இருக்கிறது என்று சொல்வது வேறெதையோ சொல்வது. அமர்வை நடத்துகிறவர் இந்த ஒரு விடயத்திலாவது கண்டிப்பாக இருப்பது நல்லது.

படம் பார்க்கும் முறை எவ்வாறு இயங்குகிறது என்பதை ஒரு படத்தைக் கொண்டு காட்டலாம். உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் தம் சின்னம்மா வேலை செய்யும் மலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எடுத்தது அது. தராசில் தொங்கும் சாக்கு, அதைத் தாங்கிய கையோடு இடுப்பில் படங்கு கட்டிய சின்னம்மா, கொப்பியும் பேனாவுமாகக் கணக்கப்பிள்ளை, பின்னால் முறைக்குக் காத்திருக்கும் பெண்களின் வரிசை, அந்த வரிசையின் ஓரத்தில் நீலநிறத் தண்ணீர்த் தாங்கி. முதலில் பேசியவர் நல்லா இருக்கு என்றார். இரண்டாமவர், தாங்கி கண்ணைக் குத்துது தம்பி, அதை வெட்டி எடுத்துட்டா சரியாயிரும் என்றார். மூன்றாமவர் அபிப்பிராயம் எதுவும் கூறாமல், படத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் இடமிருந்து வலமாகச் சொல்லிக்கொண்டு போனார். சொல்லிக்கொண்டு போனபோதுதான், படத்திலுள்ள அத்தனை பேரின் பார்வையும் தராசின் முகப்பை நோக்கியிருப்பதும், தாங்கியை வெட்டினால் காத்திருக்கும் வரிசையில் பாதியும் போய்விடும் என்பதும், வரிசை போனால் தராசைப் பார்ப்பதற்கான பதற்றமே படத்திலிருந்து போய்விடும் என்பதும் வெளிப்பட்டன. வெட்டுவது தவறான வைத்தியம். ஓரடி இடப்பக்கம் நகர்ந்து, முழங்காலை மடக்கி எடுத்திருந்தால் தாங்கி கணக்கப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கும்.

இதைக் கேட்ட மாணவர், அப்படியும் ஒன்று எடுத்தேன், கை அசைந்துவிட்டதால் கொண்டுவரவில்லை என்றார். அமர்வின் பயன் முழுவதும் இந்த ஒரு பதிலில் அடங்கியிருந்தது. தேர்ந்தெடுத்த ஒரு படத்தைவிட, தேர்வில் கழித்த படங்களில்தான் எடுத்தவரின் சிந்தனை எந்தப் பக்கம் நகர்ந்தது, எங்கே தயங்கியது என்பது பதிவாகியிருக்கிறது. ஃபிலிம் காலத்தில் ஒரு சுருளின் படங்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் சிறிதாக அச்சிட்டுப் பார்க்கும் கொன்டாக்ட் தாள் இருந்தது. இன்று அழித்துவிடும் வசதி வந்ததும் அந்தத் தாள் போய்விட்டது. அதனால்தான் வட்டத்தில் ஒரு வழக்கம் ஏற்படுத்தப்பட்டது: பிடித்த படத்தோடு, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த பழுதானவற்றையும் அழிக்காமல் கொண்டுவர வேண்டும். முதலில் பலருக்கு இது கூச்சமாக இருந்தது. பெரியவர்களுக்கு அதிகமாகவே இருந்தது. ஆசிரியர்களில் சிலர் வருவதை நிறுத்திக்கொண்டதும் உண்டு.

பெறுகிறவர் பக்கத்திலும் ஒரு கட்டுப்பாடு வேண்டியிருக்கிறது. பேச்சு முடியும்வரை எடுத்தவர் தம் படத்துக்கு விளக்கம் சொல்லக்கூடாது. அன்று மழை, துரை விடவில்லை, லென்ஸ் இரவல் என்பவையெல்லாம் உண்மையாக இருக்கலாம், ஆனால் அவை படத்தில் இல்லை. கேட்டதையெல்லாம் ஏற்க வேண்டும் என்பதும் இல்லை. குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போய், அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் நின்று பார்க்கும்போது எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று தெரியவரும். பாராட்டைக் கேட்டு வாங்கிப் போகிறவரைவிட, சொன்னவர்களோடு முகங்கொடுத்துப் பேசாமல் கோபத்தோடு புறப்பட்டுப் போகிறவர் பின்னர் நல்ல படங்களோடு திரும்புவதைப் பல தடவை காண முடிந்திருக்கிறது. கோபம் என்பது சொன்னது காதில் விழுந்ததற்கான அடையாளம்.

இவ்வளவுக்கும் மேலாக, தோட்டப்புறத்தில் விமர்சனம் இருவருக்கிடையே மட்டும் நடப்பதில்லை. படத்தில் இருப்பவர் பெரும்பாலும் எடுத்தவரின் தாய், மாமி, பாட்டி, அல்லது பக்கத்துக் காம்பராக்காரர்; மாலையில் அவரே இஸ்தோப்பில் உட்கார்ந்து படத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பவர். நுவரெலியா வீதியோரத்தில் காசு கொடுத்து எடுத்துப் போகும் பயணிக்கு இந்தத் தொல்லை இல்லை. தராசுப் படத்தின் அச்சுப் பிரதியைச் சின்னம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டியபோது, அவருக்கு முதலில் பிடிக்காதது படங்கு: நல்ல சேலை கட்டியிருக்கும்போது எடுக்காமல் இந்தக் கோலத்திலா எடுப்பது என்பது அவருடைய முறைப்பாடு. அது முன்சொன்ன ஸ்டூடியோ அளவுகோல், மதிக்கத்தக்கது, அதற்காகவே தீபாவளிக்கு வேறொரு படம் எடுத்துக் கொடுக்கப்பட்டது. ஆனால் அவர் தொடர்ந்து சொன்னது வகுப்பறையில் கூடியிருந்த எவருக்கும் தோன்றாத ஒன்று. தான் அந்த நேரத்தில் தராசைப் பார்க்கவேயில்லை, தராசு காட்டுவது ஒன்று, சாக்குக்கும் ஈரத்துக்குமென்று கழித்துக்கொண்டு கொப்பியில் எழுதுவது வேறொன்று, ஆகையால் தன் கண் கணக்கப்பிள்ளையின் பேனாவில்தான் இருந்தது என்றார் அவர். பிரதியைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அப்படித்தான் இருந்தது. காத்திருக்கும் பெண்கள் தராசைப் பார்க்கிறார்கள். தன் சாக்கைக் கொடுத்துவிட்டவர் பேனாவைப் பார்க்கிறார்.

வட்டத்தின் விளக்கம் இவ்வாறு திருத்தப்பட்ட பின், மாணவர் அதே இடத்துக்கு மறுபடியும் போனார். இம்முறை அவர் கொண்டுவந்தவற்றில் கொப்பியும் பேனாவும் அவற்றை நோக்கிக் குனிந்த தோள்களும் இருந்தன. முகம் எதிலும் இல்லை. பாதிப் படங்கள் கை அசைந்தவை. எழுதப்பட்ட எண்கள் வாசிக்கக்கூடியனவாக இருப்பதால் படத்தை வெளியில் காட்டக்கூடாது, எழுதியவருக்கும் சின்னம்மாவுக்கும் வீண் பிரச்சினை வரும் என்று ஒரு சாரார் சொன்னார்கள். எண்கள் தெரியாவிட்டால் படத்துக்கே அர்த்தமில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். முகமில்லாத படத்துக்குச் சின்னம்மாவின் பெயரைத் தலைப்பாக இடலாமா என்பதும் அதனோடு சேர்ந்தே கிளம்பியது. அவரைக் கேட்டு வருவதென்று முடிவாயிற்று, வெளியில் காட்டலாமா, எண்கள் தெரிய வேண்டுமா என்ற மற்ற இரண்டிலும் வட்டம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.